‘தொழில்’ என்னும் நிரல்

ஊர்ச் சங்கமொன்று தன் நிர்வாகசபையின் விபரத்தை உரிய அலுவலகத்துக்கு அனுப்பும்போது நிரப்பிக் கொடுக்கும் படிவம் மிக எளிமையானது. தொடரிலக்கம், பெயர், பதவி, முகவரி, தொழில், கையொப்பம் என்று சில நிரல்கள், அவ்வளவே. பெயர் நிரலில் தலைமுறைகள் மாறுகின்றன. பதவி நிரல் மாறுவதேயில்லை. தலைவர், உபதலைவர், செயலாளர், பொருளாளர், உறுப்பினர் என்ற வரிசை எக்காலத்துக்கும் ஒன்றுதான். தொழில் நிரலோ ஊரின் சமூக வரலாற்றைத் தன்னையறியாமலே எழுதிக்கொண்டு போகின்றது. ஊருக்காகப் பேசத் தகுதியுடையோர் யாவர் என ஊர் கருதியது என்பதையும், பேசவேண்டியதில்லை என யாரைக் கருதியது என்பதையும் அந்த நிரலை மேலிருந்து கீழாக வாசிப்பவர் அறிந்துகொள்ளலாம்.

வலிகாமத்துக் கிராமமொன்றில் 1950களில் தொடங்கப்பட்ட வாசிகசாலை ஒன்றுண்டு. அதன் முதலாவது கூட்டறிக்கைப் புத்தகம் இன்றும் இருக்கின்றது. மட்டை கழன்று, ஓரங்கள் கறையான் தின்று, நடுப்பக்கங்கள் மட்டும் பிழைத்து நிற்கின்றது. முதல் நிர்வாகசபையின் விபரம் அதில் சாய்வெழுத்தில் அழகாக எழுதப்பட்டுள்ளது. தலைவர், தலைமையாசிரியர். உபதலைவர், மலாயாவில் புகையிரதப் பகுதியில் எழுதுவினைஞராகக் கடமையாற்றி இளைப்பாறியவர். செயலாளர், உதவி ஆசிரியர். பொருளாளர், சந்தியில் பலசரக்குக் கடை வைத்திருந்த முதலாளி. உறுப்பினர்களில் ஒருவர் பிரக்கிராசி, ஒருவர் தபாலதிபர், ஒருவர் நாட்டு வைத்தியர், ஒருவர் விதானையார். அக்காலத்தில் அவ்வூர் மக்களிற் பெரும்பாலானோர் புகையிலையும் வெங்காயமும் பயிரிட்டுச் சீவித்தவர்கள். அவர்களில் ஒருவரது பெயரேனும் அப்பட்டியலில் இல்லை. வாசிகசாலை நின்ற காணி மாத்திரம் ஒரு கமக்காரர் கொடுத்தது. கூட்டறிக்கை அவருக்கு நன்றி தெரிவிக்கின்றது. அதன் பின்னர் அவரைப் பற்றிப் பேசவில்லை.

இது அந்த ஊரின் தனிக்குறையன்று. ஈழத்துத் தமிழரின் பொதுநிறுவனங்கள் யாவற்றையும் எடுத்து நோக்கினால் ஏறக்குறைய இதே தொழில்களே முன்வரிசையில் நிற்பதைக் காணலாம். 1888ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்தில் தோன்றிய சைவ பரிபாலன சபை முதல், 1923ஆம் ஆண்டு தோன்றிய சைவ வித்தியா விருத்திச் சங்கம் வரை, சட்டமும் ஆங்கிலக் கல்வியும் கைவரப் பெற்றவர்களே தலைமை தாங்கினர். பிற்சொன்ன சங்கத்தை வளர்த்து ‘இந்து போர்ட்’ இராசரத்தினம் எனப் பெயர் பெற்றவர் ஒரு சட்டத்தரணி. 1924இல் மாணவர் காங்கிரஸாகத் தோன்றிப் பின்னர் வாலிபர் காங்கிரஸாக வளர்ந்த இயக்கத்தை வழிநடத்திய ஹன்டி பேரின்பநாயகம் ஓர் ஆசிரியர். வடபகுதிக் கூட்டுறவு இயக்கத்தோடு பெயர் பிணைந்துவிட்ட வீரசிங்கம் மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபராக இருந்தவர். அவர் பெயரால் அமைந்த மண்டபத்தில் இன்று கூட்டம் கூடுவோரிற் பலர் அது ஒரு பள்ளிக்கூடத்து அதிபரின் பெயர் என்பதை அறிந்திருப்பார்களோ என்பது ஐயமே.

யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் தொடக்கமும் இவ்வகையில் நினைக்கத்தக்கது. 1933ஆம் ஆண்டளவில் தமது வீட்டிலிருந்த நூல்களை அயலவர் வாசிக்கக் கொடுத்து அம்முயற்சியைத் தொடக்கியவர் க. மு. செல்லப்பா. அவர் நீதிமன்றத்தில் நிர்வாக உத்தியோகம் பார்த்தவர். அடுத்த ஆண்டு பிரமுகர்கள் கூடிக் குழுவொன்றை அமைத்தபோது தலைமைப் பதவி நீதிபதி ஒருவருக்குச் சென்றது. செல்லப்பா செயலாளர்களுள் ஒருவரானார். 1934ஆம் ஆண்டு ஆகஸ்ட் முதலாந் திகதி ஆஸ்பத்திரி வீதியில் வாடகை அறையொன்றில் 844 நூல்களுடன் அந்நூலகம் திறக்கப்பட்டது. நீதிபதியின் பெயர் குழுவுக்கு மதிப்பளித்தது. உத்தியோகத்தரின் உழைப்பு அதனை நடத்தியது. தலைவரின் தொழில் நிறுவனத்துக்கு முகவுரை, செயலாளரின் தொழில் அதன் உள்ளடக்கம் என்ற இந்த முறையைப் பிற்காலத்துச் சங்கங்கள் பலவும் கைக்கொண்டன.

ஏன் குறிப்பிட்ட சில தொழில்களே சபைகளை நிரப்பின என்ற வினாவுக்கு, ‘கற்றவர் தலைமை தாங்குவது இயல்பு’ என்னும் விடை போதாது. மாதச் சம்பளம் பெறுவோனுக்கு மாலைப்பொழுது தன்னுடையது. கமக்காரனுக்கோ மாலைதான் இறைப்புக்குரிய நேரம். துலாவும் பட்டையும் போய் நீரிறைக்கும் இயந்திரம் வந்த பின்னரும், பயிர் கேட்கும் நேரத்தில் நீர் பாய்ச்சியே ஆகவேண்டும். மாலை ஐந்து மணிக்குக் கூட்டம் என்று அறிவித்தல் ஒட்டப்பட்ட அக்கணமே ஊரின் ஒருபாதி கூட்டத்திலிருந்து விலக்கப்பட்டுவிடுகின்றது. எவரும் எவரையும் வரவேண்டாம் என்று சொல்லவில்லை; கடிகாரமே அந்த வேலையைச் செய்து முடித்தது.

இரண்டாவது காரணம் மொழி. அரசாங்க அலுவல்கள் ஆங்கிலத்தில் நடந்த காலத்தில், கச்சேரிக்கு ஒரு மனு எழுதவும் வந்த பதிலை வாசித்து விளங்கவும் ஊரிலே சிலரால் மாத்திரமே முடிந்தது. அச்சிலரே செயலாளராயினர். மூன்றாவது காரணம் ஓய்வூதியம். மலாயாவிலிருந்து இளைப்பாறி வந்தவர்களிடம் பணமும் நேரமும் ஒருங்கே இருந்தன. நிறுவனம் ஒன்றைக் கோப்புக்களால் நடத்தும் பழக்கமும் இருந்தது. 1930களில் மூளாயில் எழுந்த கூட்டுறவு வைத்தியசாலைக்கு இத்தகைய ஓய்வூதியர் அளித்த பங்கு யாழ்ப்பாணத்தில் நன்கு அறியப்பட்டதாகும். தூரதேசத்துப் புகையிரதத்தின் நேர ஒழுங்கு இவர்கள் வழியாகவே நமது கிராமங்களின் கூட்டறிக்கைக்குள் வந்து சேர்ந்தது.

ஒவ்வொரு தொழிலும் தன் குணத்தைச் சபைக்குள் கொண்டுவருகின்றது. சட்டத்தரணி இருக்கும் சபையில் யாப்பு நீளமாயிருக்கும். விதியொன்றைத் திருத்துவதற்கான விதியும் அதைத் திருத்துவதற்கான உபவிதியும் இருக்கும். ஆசிரியர் தலைவரானால் கூட்டத்துக்குப் பிந்தி வருவோர் வாசலில் நின்று உள்ளே வரலாமா என்று கண்ணாற் கேட்பர். வங்கி உத்தியோகத்தர் பொருளாளராக வந்தால், தேநீருக்குச் செலவழிந்த சில்லறைக்கும் பற்றுச்சீட்டு வேண்டும். கடைக்காரர் பொருளாளராயிருந்தால் பற்றுச்சீட்டு இராது. ஆனால் காசு முடிந்த மாதத்திலும் விளக்குக்கு எண்ணெய் வரும். நாட்டு வைத்தியர் கூட்டத்தில் அதிகம் பேசமாட்டார். எனினும் ஊரில் எந்த வீட்டில் அடுப்பெரியவில்லை என்பதை அறிந்தவர் அவர் ஒருவரே. இக்குணங்கள் யாவும் ஒரு சபைக்கு வேண்டியவை. அவற்றை நகைப்பதற்காக இங்கு எடுத்துக் கூறவில்லை. ஒரு தொழிலின் பார்வை ஒரு பக்கத்தைத்தான் பார்க்கும் என்பதே கருதத்தக்கது. எட்டுப்பேர் இருக்கும் சபையில் எட்டுப்பேரும் மேசைக்கு முன்னால் இருந்து வேலை செய்தவர்களாயின், அச்சபை ஊரை மேசையின் உயரத்திலிருந்தே பார்க்கும்.

பட்டியலில் இல்லாதோர் நிறுவனத்தில் இல்லாதோர் அல்லர். ஆறுமுகநாவலர் 1848ஆம் ஆண்டு வண்ணார்பண்ணையில் நிறுவிய பாடசாலையை நடத்துவதற்குப் பிடியரிசியும் துணையாயிற்று. உலையிலிடும் அரிசியில் ஒரு பிடியை வேறாக எடுத்து வைத்தவர்கள் பெண்கள். அந்தப் பிடியரிசிக்குப் பெயர்ப்பட்டியல் கிடையாது. நிறுவனத்தின் வரலாறு நிறுவியவரின் பெயரால் எழுதப்படுவது நியாயமே. ஆயினும், அதைத் தாங்கிய கைகளின் தொழில் எந்த நிரலிலும் ஏறவில்லை என்பதையும் வரலாறு என்றே கொள்ளவேண்டும்.

சாதியின் பெயரால் விலக்கப்பட்டோரின் நிலை இதனிலும் கடுமையானது. வாசிகசாலையின் வாங்கில் சமமாக அமர்வதே போராட்டமாயிருந்த காலம் ஒன்றிருந்தது. 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் பொது இடங்களில் இத்தகைய தடை விதிப்பதைக் குற்றமாக்கியது. சட்டம் வாசலைத் திறந்தது. வாசலுக்கும் நிர்வாகசபையின் கதிரைக்கும் இடையே உள்ள தூரத்தைக் குறைக்கச் சட்டத்தால் இயலவில்லை. ‘முன்மொழிந்தார்’, ‘வழிமொழிந்தார்’ என்னும் இரு சொற்களுக்குள் அத்தூரம் அடங்கியிருந்தது. தம்மை முன்மொழிய ஒருவர் இல்லாதவர் எவ்வளவு காலம் வாங்கில் இருந்தாலும் உறுப்பினராகவே இருப்பார்.

மேற்சொன்ன வாசிகசாலையின் பிற்காலத்துப் பட்டியல்களில் மாற்றங்கள் இல்லாமலில்லை. 1970களில் மிளகாய், வெங்காயம் ஆகியவற்றின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டு உள்ளூர் விளைச்சலுக்கு நல்ல விலை கிடைத்தபோது, ‘கமம்’ என்ற சொல் முதன்முதலாக அந்த நிரலில் ஏறியது. கமக்காரரின் கையிற் பணம் வந்த பின்னரே அவருடைய கருத்தும் கேட்கத்தக்கதாயிற்று என்பது சற்று வருத்தந் தருவதுதான். 1981ஆம் ஆண்டு மே மாத இறுதியில் யாழ்ப்பாணப் பொது நூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களுடன் எரிக்கப்பட்ட பின் கூடிய கூட்டத்தின் அறிக்கை மூன்றே வரிகளில் முடிந்துவிடுகின்றது. அனுதாபத் தீர்மானம் நிறைவேறியது. வேறு விடயங்கள் பேசப்படவில்லை. 1980களின் பிற்பகுதிப் பட்டியல்களில் ஒவ்வோர் ஆண்டும் பெயர்கள் குறைகின்றன. ஆசிரியர் கொழும்புக்குப் போனார், எழுதுவினைஞர் கனடாவுக்குப் போனார், கடை பூட்டப்பட்டது.

1995ஆம் ஆண்டு ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஓரிரவிலே தென்மராட்சியை நோக்கி நடந்தபோது வாசிகசாலையின் திறப்பும் கூட்டறிக்கைப் புத்தகமும் ஒரு பெண்ணின் கைப்பையிற் போயின. அவர் அப்போது நிர்வாகசபையில் இல்லை. திறப்பை வைத்திருந்தவர் பூட்டிவிட்டு வர மறந்ததால், அயல் வீட்டிலிருந்த இவர் பூட்டினார். புத்தகம் மேசையில் கிடந்ததால் அதையும் எடுத்தார். அடுத்த ஆண்டு மக்கள் திரும்பியபோது கூரையின் ஒருபகுதி இல்லை. அலுமாரிகளில் இரண்டு இல்லை. மழையில் நனைந்த நூல்களை முற்றத்தில் பாய் விரித்துக் காயவைத்தவரும் இவரே. அன்று தொடக்கம் ஏறத்தாழ இருபது ஆண்டுகள், மாலை நான்கரை மணிக்கு வாசிகசாலையைத் திறந்து இருட்டுமுன் பூட்டியவர் இவர். ஊர்ப் பிள்ளைகள் அவரை ‘வாசிகசாலை அக்கா’ என்று அழைத்தனர். சபை அவரைப் பின்னர் உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது. ஆண்டுதோறும் அனுப்பப்பட்ட விபரப் படிவங்களின் பிரதிகளில் அவருடைய பெயருக்கு எதிரே, தொழில் என்னும் நிரலில், ஒரு சிறு கோடு மாத்திரமே இழுக்கப்பட்டிருக்கின்றது.

போர் 2009இல் முடிந்த பின் ஊர்ச் சங்கங்களின் தொழில் நிரலுக்குப் புதிய சொற்கள் வந்தன. இலண்டனில் கணக்காளர், ரொறொன்ரோவில் பொறியியலாளர், சிட்னியில் வைத்தியர் என்று போசகர் வரிசை நீண்டது. ஊரைவிட்டுப் போனவர்களின் அன்பு உண்மையானது. தாம் படித்த வாங்கை அவர்கள் மறக்கவில்லை. எனினும், தாம் விட்டுச்சென்ற ஊரையே அவர்கள் நினைவில் வைத்திருந்தனர். இருக்கின்ற ஊரை வேறு யாரோ எழுதியனுப்பிய மடலிலேயே கண்டனர். அவ்வாறான போசகர் ஒருவர் வாசிகசாலைக்கு மேல்மாடி கட்டப் பணம் தருவதாகச் சில ஆண்டுகளுக்கு முன் அறிவித்தார். கணினி அறை, கூட்ட மண்டபம், பெற்றோரின் நினைவாக ஒரு கல்வெட்டு என்பன திட்டத்தில் இருந்தன. நிர்வாகசபையினரின் பெயரையும் தொழிலையும் அனுப்பிவைக்கும்படியும், ‘தகைமையுள்ளவர்கள்’ பொறுப்பில் இருப்பது நல்லதென்றும் அவர் கேட்டிருந்தார்.

அப்போதைய தலைவர் இளைப்பாறிய அதிபர், கண்ணியமானவர். வாசிகசாலையை மீண்டும் எழுப்புவதற்கு வீடு வீடாக ஏறி இறங்கியவர். பொருளாளர் வங்கி முகாமையாளராயிருந்து இளைப்பாறியவர். செயலாளர் இருபத்துநான்கு வயது இளைஞர். பட்டப்படிப்பை முடித்து வேலைக்குக் காத்திருந்தவர். படிவத்தை நிரப்பும் வேலை இளைஞரிடம் வந்தது. முந்திய பிரதிகளைப் பார்த்து எழுதிக்கொண்டு வந்தவர் அந்தக் கோட்டுக்கு வந்ததும் நிறுத்தினார்.

“அக்கான்ர தொழிலுக்கு என்ன போடுறது, மாஸ்ரர்?”

தலைவர் சற்று யோசித்தார். “இவ்வளவு நாளும் கோடுதானே போட்டது.”

பொருளாளர் இடையிட்டுத் தம் கருத்தைச் சொன்னார். பணம் பெருந்தொகை, வெளிநாட்டிலிருந்து பார்ப்பவருக்கு அக்கோடு நன்றாகத் தோன்றாது, அவ்விடத்துக்கு அண்மையில் இளைப்பாறிய நில அளவையாளர் ஒருவரை எடுத்துக்கொண்டால் கட்டட வேலைக்கும் உதவியாயிருக்கும், அக்கா வழமைபோலத் திறப்பை வைத்திருக்கலாம். இதில் அவருக்குத் தீய எண்ணம் ஏதுமிருக்கவில்லை. சிக்கனமான கணக்காகவே அவர் அதைக் கண்டார். எவரையும் நீக்கவில்லை, ஒரு வரியை மாற்றுகின்றோம் என்பதே அவர் எண்ணம். நிறுவனங்களில் நிகழும் அநீதிகள் பலவும் இவ்வாறு நல்லெண்ணத்தோடு, நேர்த்தியான கையெழுத்தில் நிகழ்கின்றன.

இளைஞர் அன்று மாலை வாசிகசாலைக்குச் சென்று அவரையே கேட்டார். அவர் நூலொன்றுக்கு மட்டை போட்டுக்கொண்டிருந்தார்.

“தையல் எண்டு எழுதுங்கோ தம்பி. அதிலதானே நான் சீவிக்கிறன்.”

“நூலகப் பொறுப்பு எண்டு எழுதட்டோ அக்கா?”

“இது தொழிலோ தம்பி? இதுக்கு ஆர் எனக்குச் சம்பளம் தந்தது? தையல் எண்டே போடுங்கோ.”

இருபது ஆண்டுகளாக அவருக்குத் தொழில் இருந்திருக்கின்றது. பாடசாலைப் பிள்ளைகளின் சீருடைகளை, தலைவரின் பேரப்பிள்ளைகளின் சீருடைகள் உட்பட, அவரே தைத்துக் கொடுத்து வந்தார். அவர் நான்கரை மணிக்குத் திறந்ததும் நாலு மணிவரை தையல் இருந்ததாலேயே. அந்தக் கோட்டை இழுத்தவர்கள் எவரும் அவரிடம் ஒருமுறையேனும் கேட்டுப் பார்க்கவில்லை, அவ்வளவே. அறியாமையை மறைக்கும் கோட்டுக்கும் இல்லாமையைக் காட்டும் கோட்டுக்கும் படிவத்தில் வேறுபாடு கிடையாது.

அதன்பின் அவர் சொன்னது வேறொரு விடயம். மேற்குச் சுவரோடு நிற்கும் அலுமாரியின் பின்புறம் இரண்டு மழைகாலங்களாக வெடிப்பு அகன்று வருகின்றது. கடதாசித் துண்டொன்றை அதற்குள் செருகி வைத்துப் பார்த்ததாகவும், அது இப்போது தானாகவே விழுந்துவிடுவதாகவும் கூறினார். அயலிலுள்ள மேசன் ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டியபோது, சுண்ணாம்புக் கல்லைச் சுண்ணாம்புச் சாந்தில் அடுக்கிய பழைய சுவர் இது, தூண்கள் இல்லை, அத்திவாரமும் ஆழமில்லை, இதன்மேல் மாடி கட்ட இயலாது என்று அவர் சொன்னாராம். இதை அவர் சபையிலும் சொல்லியிருக்கின்றார். கூட்டறிக்கையைப் புரட்டிப் பார்த்த இளைஞர், ‘வேறு விடயங்கள்’ என்பதன் கீழ், ‘சுவரிலுள்ள வெடிப்புப் பற்றி உறுப்பினர் ஒருவர் குறிப்பிட்டார்’ என்ற ஒற்றை வரியைக் கண்டார். அதற்கு முந்திய ஆண்டிலும் அதே உறுப்பினர் ‘பெண்பிள்ளைகளுக்கு மலசலகூட வசதி இல்லாமை பற்றிக் குறிப்பிட்டார்’ என இருந்தது. இரண்டுக்கும் மேலே, ‘மேல்மாடித் திட்டம் ஏகமனதாக ஏற்றுக்கொள்ளப்பட்டது’ என்னும் தீர்மானம் அரைப்பக்கத்துக்கு நீண்டு கிடந்தது.

அடுத்த கூட்டத்துக்கு மேசனும் அழைக்கப்பட்டார். அவர் வாசலோரத்து வாங்கில் அமர்ந்தார். பேசச் சொன்னபோது பேச்சாகப் பேசவில்லை. எழுந்து போய் அலுமாரியை ஒருபக்கம் இழுத்து, சுவரைக் கையால் தட்டிக் காட்டினார். சாந்து உதிர்ந்தது. பொருளாளர், வெளிநாட்டுப் பொறியியலாளர் வரைபடத்தை ஏற்கெனவே அனுப்பியிருப்பதை நினைவூட்டினார். “அவர் கீறினது சரியாத்தான் இருக்குமையா, இந்தச் சுவரை அவர் கண்டவரோ?” என்று மேசன் கேட்டார். சிறிது நேரம் சபையில் எவரும் பேசவில்லை. பின்னர் பிரதேசசபையின் தொழினுட்ப உத்தியோகத்தரைக் கொண்டு பார்ப்பது என்று முடிவாயிற்று. அவரும் வந்து பார்த்து மேசன் சொன்னதையே எழுத்தில் கொடுத்தார்.

இளைப்பாறிய அதிபர், வங்கி முகாமையாளர், பட்டதாரி ஆகியோர் நிறைந்த சபையொன்று, பிள்ளைகள் இருந்து வாசிக்கும் அறையின்மேல் பல தொன் எடையுள்ள கொங்கிறீற்றை ஏற்றுவதற்கு ஏகமனதாகத் தீர்மானித்திருந்தது. அவர்களில் எவரும் அறிவில்லாதவர் அல்லர். எவரும் நேர்மையற்றவர் அல்லர். அந்தச் சுவரைப் பற்றிய அறிவு வேறிடத்தில் இருந்தது. அவ்வறிவுக்குச் சபையில் கதிரை இருக்கவில்லை. இருந்த ஒரே கதிரைக்கு எதிரே கோடு இழுக்கப்பட்டிருந்தது.

மேல்மாடித் திட்டம் கைவிடப்பட்டது. போசகருக்கு இது மனக்குறையாகவே இருந்தது. பணத்தில் ஒருபகுதியே வந்தது. அதனைக் கொண்டு மேற்குச் சுவர் இடித்துக் கட்டப்பட்டது. பின்புறத்தில் மலசலகூடம் ஒன்றும் அமைந்தது. நினைவுக்கல் வாசலில் பதிக்கப்பட்டது. முதலில் எண்ணிய அளவினும் சிறியது. தலைவர் அவ்வாண்டுப் பொதுக்கூட்டத்தில் தமது உரையை முடிக்கும்போது, “நான் முப்பத்தாறு வருசம் படிப்பிச்சனான், கேள்வி கேக்கச் சொல்லித்தான் பிள்ளையளுக்குச் சொன்னனான், நான் கேக்கேல்லை” என்று சொல்லி அமர்ந்தார். கூட்டறிக்கையில் அவ்வசனம் இடம்பெறவில்லை. ‘தலைவர் உரையாற்றினார்’ என்று மாத்திரமே உள்ளது.

இவ்வனுபவத்திலிருந்து, கற்றோர் விலகித் தொழிலாளரே சபைகளை நடத்தவேண்டும் என்ற முடிவுக்கு வருவது அவசரமானதாகும். கணக்கறிக்கை இல்லாத சங்கம் ஈராண்டில் சண்டையில் முடியும். யாப்பறியாத சங்கத்தின் காணி மூன்றாமாண்டில் வேறொருவர் பெயருக்கு மாறும். ஆசிரியரும் சட்டத்தரணியும் வங்கியாளரும் வேண்டியவர்களே. ஒருவரின் தொழில் அவருக்குக் கிடைக்கும் மதிப்பின் அடையாளமாக அந்த நிரலில் எழுதப்படுகின்றதா, அன்றி அவர் அறிந்தவற்றின் குறிப்பாக எழுதப்படுகின்றதா என்பதே வினா. மதிப்பின் பொருட்டு எழுதப்பட்டால் நிரலில் ஒரே வகையான சொற்களே நிரம்பும். அறிவின் பொருட்டு எழுதப்பட்டால் மேசனும், தையற்காரியும், கமக்காரரும், கடற்றொழிலாளியும் அங்கே தாமாகவே வந்து சேர்வர். கூட்டத்தின் நேரத்தை மாற்றுவதும், ‘வேறு விடயங்கள்’ என்பதை நிகழ்ச்சி நிரலின் இறுதியிலிருந்து மேலே கொண்டுவருவதும் செலவில்லாத காரியங்கள். ஒரு சங்கத்தின் உண்மையான விடயங்கள் பெரும்பாலும் அத்தலைப்பின் கீழேயே புதைந்து கிடக்கின்றன.

பல்கலைக்கழகத்திலிருந்து பட்டம் பெற்று ஊர் திரும்பும் ஒவ்வொருவருக்காகவும் அங்கே ஒரு செயலாளர் பதவி காத்திருக்கின்றது. கையெழுத்து நன்றாயிருக்கும், கடிதம் எழுதத் தெரியும் என்பதனால் ஊர் அவர்களை முன்மொழியும், வழிமொழிவதற்கும் ஆளிருக்கும். அவர்கள் செய்யவேண்டிய முதல் வேலை, பழைய படிவத்தின் பிரதியை எடுத்து அதிலுள்ள கோடுகளை எண்ணுவது. இரண்டாவது வேலை, அக்கோடுகளுக்குரியவர்களின் வீட்டுக்கு நடந்துபோய்க் கேட்பது.

அந்த வாசிகசாலையின் அடுத்த படிவத்தில் உறுப்பினர் இருவரின் பெயர்களுக்கு எதிரே இளைஞரின் கையெழுத்தில் ‘தையல்’, ‘மேசன்’ என்று எழுதப்பட்டிருக்கின்றது. வாசிகசாலை இப்போதும் நான்கரை மணிக்கே திறக்கின்றது. பூட்டும் நேரம் மட்டும் ஒரு மணித்தியாலம் பிந்தியிருக்கின்றது.